மகளின் மூச்சை எண்ணிய வாரம்

குழந்தையின் மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, முழு நிமிடமும் எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பாக வரும். தூங்கும்போது எண்ணலாம், சும்மா விளையாடாமல் கிடக்கும்போது எண்ணலாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் ஐம்பதைத் தொட்டுவிட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா. அவர் சொல்லும்போது அங்கன்வாடியில் எட்டுத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தோம். நான் மட்டும்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கணக்கு எடுத்து பி.எஸ்சி. படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எண்ணுவதுதானே, எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

அரிமளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கணவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் நான், ஒன்பது மாத மகள், மாமனார், மூன்று பேர்தான். மாமியார் இறந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து வீட்டில் மாமியாரின் தங்கை இருக்கிறார். அவரை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன்.

அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எட்டு நாளும் ஊரில் இருப்பவர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் பங்காளிகள் சார்பில் இந்த வருடம் காப்புக் கட்டிக்கொண்டவர் என் மாமனார். காப்புக் கட்டிக்கொண்டவர் பகலில்கூட எல்லையைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்த கயிறோடு அவர் கோயிலிலேயே கிடந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வருவார். காப்புக் காலத்து வழக்கப்படி வீட்டில் நான் தாளிக்காமல் சமைத்தேன்.

காப்புக் கட்டிய அன்று மகளுக்கு மூக்கு ஒழுகியது. மறுநாள் இருமினாள். மூன்றாம் நாள் உடம்பு சுட்டது. அரிமளத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து வாங்கி வந்தேன். அளவு மூடியில் கோடு எது என்று மூன்று முறை பார்த்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு, இரண்டரை என்று எழுதியிருந்ததா, ஒன்றரையா என்று மறுபடி சீட்டைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சின்னத்தை வந்தார். தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார்.

"நெஞ்சுலயும் முதுகுலயும் நல்லாத் தேய்ச்சுவிடு. விடியக்குள்ள சளி கரைஞ்சுரும்."

தேய்த்தேன். அவர் போன பிறகு போனில் தேடினேன். சூடம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம் என்று இருந்தது. ஓடிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். துடைக்கும்போது மகள் நடுங்கினாள். காய்ச்சல் குழந்தையை ஈரப்படுத்திவிட்டோமே என்று அடுத்த பயம். போர்த்திவிட்டேன். போர்த்தினால் சூடு ஏறும் என்று எடுத்தேன். அந்த வாரம் முழுவதும் என் கைகள் இப்படித்தான் இருந்தன. ஒன்றைச் செய்யும், உடனே அதை அழிக்கும்.

நான்காம் நாள் எண்ண ஆரம்பித்தேன். காலையில் நாற்பத்தாறு. பத்து மணிக்கு ஐம்பத்திரண்டு. அப்போதுதான் இருமி முடித்திருந்தாள், அதனால் கூடியிருக்கும் என்று அரைமணி கழித்து எண்ணினேன். நாற்பத்தெட்டு. நிம்மதியாக இருந்தது. மத்தியானம் ஐம்பத்தைந்து. காய்ச்சல் இருந்தாலும் மூச்சு வேகமாகும் என்று எங்கோ படித்திருந்தேன். காய்ச்சல் மருந்து கொடுத்து, அது இறங்கிய பிறகு எண்ணினேன். நாற்பத்தொன்பது. எனக்கு வேண்டிய எண் வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

சின்னத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, காலையிலேர்ந்து அந்தப் புள்ள வயித்தயே பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்க?"

"மூச்சு எண்ணுறேன் சின்னத்த."

"நாங்களும்தான் நாலு பெத்தோம். மூச்சு விடுறாகளா இல்லையான்னு பாப்போம். எத்தன விடுறாகன்னா பாத்தோம்? இப்புடியே போனா நாளைக்கு ஆயி போறதுக்கும் கணக்கு வச்சிருவ."

ஏற்கெனவே வைத்திருந்தேன். சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை மகள் பாலை இரண்டு மடக்கு குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி இரண்டு மடக்கு. எண்ணினேன். ஐம்பத்தெட்டு. இதற்கு மேல் எனக்குச் சாக்கு இல்லை. கோயிலில் இருந்த மாமனாரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து டவுனுக்குப் போய் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார்.

"எத்தன நாளா மூச்சு வேகமா இருக்கு?"

நோட்டை நீட்டினேன். நேரம், எண்ணிக்கை, காய்ச்சல், மருந்து எல்லாம் அதில் இருந்தது. அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எண்ணிருக்கீங்களா? இவ்வளவு கவனமா யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

அந்தச் சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு கவனமாகப் பார்த்தவள்தான் அடுத்த ஒரு மணி நேரத்தில் அப்படிச் செய்தேன்.

"நெஞ்சுல சளி எறங்கியிருக்கு. நிமோனியா. இங்க பாருங்க, மூச்சு இழுக்குறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுது பாருங்க. இது இருந்தா எண்ணிக்கையே பாக்க வேணாம், நேரா வந்துரணும். அட்மிஷன் போட்டுருவோம். ஊசி மருந்து ஆரம்பிக்கணும்."

"எத்தன நாள் மேடம்?"

"மூணு நாளாவது இருக்கணும்."

நான் சொன்னேன். எங்கள் ஊரில் காப்புக் கட்டியிருக்கிறது, இரவு வெளியில் தங்கக் கூடாது, மாமனார்தான் காப்புக் கட்டியிருக்கிறார், காலையில் முதல் பஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில், ஒரு காப்பு வாரத்தில், தம்பிக்குப் பரிசம் போடுவதற்காக மீமிசல் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மழை பிடித்து, கடைசி பஸ் வரவில்லை. இரவு தங்கிவிட்டு விடிந்ததும் வந்தேன். பதினைந்தாம் நாள் மாமியார் அடுப்படியில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண் மட்டும், "காப்புக்குள்ள வெளியில தங்குனது இந்தப் பொண்ணுதானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத அந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "பாப்பாவுக்குக் காப்பெல்லாம் தெரியாதும்மா. இங்கயே இருங்க" என்றார். மகளுக்கு முகத்தில் ஒரு சின்ன மூடி வைத்து மருந்து ஆவி கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் மடியில் தூங்கினாள். எண்ணினேன். நாற்பத்துநான்கு. நாற்பத்துநான்கு என்றால் ஐம்பதுக்குக் கீழே. டாக்டர் மறுபடி வந்தார்.

"ஆவி வச்சதால கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். அத நம்பிப் போயிராதீங்க."

மூன்றாவது தடவை அவர் சொன்னது இது: "உங்க மாமனாருக்குப் போன் போட்டுக் குடுங்க. நான் பேசுறேன்."

"அவரு கோயில்ல இருக்காரு மேடம். போன் கையில இல்ல."

மாமனாரின் போன் எப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அவர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சரி என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு என்ன நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பாக வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குடிக்கிற மருந்து கொடுத்து, குழந்தை பால் குடிக்காவிட்டாலோ, முனகினாலோ, உதடு நிறம் மாறினாலோ அந்த நிமிடமே வரச் சொன்னார்கள்.

பஸ் பாதி தூரம் வருவதற்குள் ஆவியின் பலன் தீர்ந்துவிட்டது. மகளின் மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தது. பக்கத்து சீட்டு அம்மா, "புள்ளைக்கு வீசிங்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பிப் போகிற பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. இறங்கி அதைப் பிடித்திருக்கலாம். ஊர் வந்துவிடும், வீட்டில் படுக்கப் போட்டால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பால் கொடுத்தேன். வாயை வைக்கவே இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் "ம்... ம்..." என்று ஒரு சத்தம் வந்தது. அழுகையில்லை, முனகல். விலாவுக்குக் கீழே ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் அழுந்துகிற அளவு குழி விழுந்தது. அப்போது மணி ஐந்தரை. மாமனார் சாயங்காலப் பூசைக்கு வேட்டி மாற்ற வீட்டுக்கு வந்தார்.

என் மாமனார் என்னோடு அதிகம் பேச மாட்டார். நான் இருக்கும் அறைக்குள் வர மாட்டார். அன்றும் நிலைப்படியிலேயே நின்றார்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"தங்கச் சொன்னாங்க மாமா. நிமோனியாவாம்."

"பெறகு?"

"காப்பு..."

அவர் தலையை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தார். மகளின் முனகல் மட்டும் கேட்டது.

"எனக்கு ஒரு போனு போட்டியா?"

"இல்ல மாமா."

"போட்டுருந்தா நான் என்ன சொல்லிருப்பேன்?"

நான் மகளைத் தோளுக்கு மாற்றினேன்.

"தெரியலைல்ல? பெறகு எனக்கும் சேத்து நீயா எப்புடி முடிவு பண்ணுன? காப்புக் கட்டுனது நானு. ஒன்னைய யாரு வரச் சொன்னா?"

அழுதுவிட்டேன். அத்தைக்கு அப்படி ஆனதற்கு நான்தான் காரணமென்று ஊரில் பேசினார்கள், மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாதென்று வந்தேன் என்று ஏதோ சொன்னேன்.

"ஒங்க அத்தைக்கு மூணு வருசமா நெஞ்சு வலி. டாக்டரு குடுத்த மாத்திரைய முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு முழுங்காமத் திரிஞ்சா. அது ஒனக்கு யாரும் சொல்லலயா?" என்றார். பிறகு, "நானும் சொல்லல" என்றார்.

அரிமளத்தில் வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு அவரே போன் போட்டார். கார் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடத்தை எழுத எனக்கு வரவில்லை. மகளைத் தோளில் போட்டேன், மடியில் போட்டேன், நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். எப்படி வைத்தாலும் அவளுக்கு மூச்சு போதவில்லை.

மாமனார் முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால் ஏறியபோது, கூப்பிடாமலேயே சின்னத்தையும் ஏறி உட்கார்ந்தார்.

"சின்னத்த, காப்பு..."

"எல்லாம் தெரியும், நகரு. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனதுன்னா ஒன்னையத்தான் சொல்லுவேன், போ."

ஊர் எல்லையில் கண்மாய் மடையைத் தாண்டியதும் ஒரு கல் நட்டிருக்கிறது. அங்கே மாமனார் காரை நிறுத்தச் சொன்னார்.

"நான் எறங்கிக்கிறேன் தாயி. கட்டுன கைய வச்சுக்கிட்டு என்னால வர முடியாது. நீ போ. ஒண்ணும் நெனைக்காத." டிரைவரிடம் குனிந்து, "வளைவுல மட்டும் பாத்துப் போப்பா. மத்தபடி மிதி" என்றார்.

இறங்கி நின்றார். கார் கிளம்பியபோது அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் முழுதாக விட முடியவில்லை. என்னை வரச் சொன்னது யார் என்று கேட்டவர், தான் வரவில்லை. இரண்டும் ஒரே மனிதர்தான். நான் செய்ததைப் பார்க்கும்போது அவரைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

காரில் போனை எடுத்து எண்ணப் பார்த்தேன். பன்னிரண்டு, பதிமூன்று வரை வந்தேன், பிறகு கலைந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். சின்னத்தை என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எண்ணுனது போதும். அவ மொகத்தப் பாத்துக் கூப்புடு. பேரச் சொல்லிக் கூப்புடு."

கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், மூடிக்கொண்டாள். உதட்டைச் சுற்றி வெளுத்து, நீலம் கலந்த ஒரு நிறம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு அதன் பிறகு பார்க்கவில்லை. சின்னத்தை வழியெல்லாம் மாரியம்மனைத் திட்டிக்கொண்டே வந்தார். "ஒனக்குப் பால்குடம் எடுத்த வீடுடி. கண்ணு தெரியலயா ஒனக்கு?"

அதே ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் வீட்டுக்குக் கிளம்ப வண்டிச் சாவியோடு படியில் நின்றார். என்னைப் பார்த்ததும் சாவியைப் படியிலேயே போட்டுவிட்டு மகளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கால் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தாறு என்று வந்தது. எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டேன். நர்ஸ் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை ஒட்டினார். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. இடது கை, வலது கை, கால். முதல் குத்தலுக்குக் கொஞ்சம் சிணுங்கினாள். மூன்றாவதுக்கு அசையவில்லை. ஒன்பது மாதமும் அழாதே அழாதே என்று சொல்லி வளர்த்தவள், அவள் காதில் குனிந்து "அழுடா, ஒரு தடவ அழுதுரு" என்று கெஞ்சினேன். நான்காவது குத்தலில் நரம்பு கிடைத்தது. அதற்கும் அவள் அழவில்லை.

நாங்கள் ஆறு நாள் அங்கே இருந்தோம். முதல் இரண்டு நாள் யாரும் எனக்கு நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் விலாவில் குழி ஆழம் குறைந்திருந்தது. நான்காம் நாள் பாலில் வாய் வைத்தாள், நான்கு மடக்கு. ஊரில் தேர் இழுத்ததாக, காப்பு அவிழ்த்ததாக, சின்னத்தை போனில் கேட்டுச் சொன்னார். காப்பு அவிழ்த்த அன்றே மாமனார் கிடைத்த முதல் பஸ்ஸில் வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்தார். பேத்தியின் காலை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

இப்போது ஊரில் யார் வீட்டிலாவது கைக்குழந்தைக்குச் சளி என்றால் நான் போய்விடுகிறேன். சட்டையைத் தூக்கி விலாவைப் பாருங்கள் என்கிறேன். பால் குடிக்க மறுக்கிறதா என்று கேட்கிறேன். எண்ணிக்கை குறைவாக வந்தாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் போய்விடுங்கள் என்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள். நீ எப்போது போனாய் என்று யாரும் கேட்பதில்லை.

கணவருக்கு அந்த முதல் நாளே போனில் சொன்னது வேறு. மத்தியானம் பார்த்துவிட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள், சாயங்காலம் கூடிவிட்டது என்று சொன்னேன். அவ்வளவு தூரத்தில் இருந்து அழுதுகொண்டிருந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆறாம் நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆறாம் நாளும் சொல்லவில்லை.

மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதற்காக அவர் போன வாரம் லீவில் வந்தார். நேற்று மத்தியானம் அப்பாவும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் சுவரைப் பிடித்து நடந்து போய் தாத்தாவின் முதுகில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு நாளு டவுனுக்குப் போயி அந்த டாக்டரம்மாளப் பாத்து நாலு கேள்வி கேக்கணும்ப்பா" என்றார் கணவர். "இந்த நெலமையில இருந்த புள்ளைய எப்புடி வீட்டுக்கு அனுப்புனாக? படிச்சுட்டு வந்து என்னத்தப் பாக்குறாக?"

மாமனார் கை சோற்றில் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். நான் ரசக் கரண்டியோடு நின்றேன்.

"அந்தப் புள்ள நல்ல டாக்டரு. நீ சாப்புடு" என்றார் மாமனார்.

"என்னப்பா நல்ல டாக்டரு..."

"சாப்புடுறா."

கணவர் திங்கட்கிழமை காலையில் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரும் மகளும் உள்ளே தூங்குகிறார்கள். மூன்று தடவை இருக்கச் சொன்ன ஒரு பெண்ணை அவர் போய்த் திட்டுவதற்கு முன்னால் இதை அவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்ததும் கொடுக்கலாமா, ராத்திரி சாப்பிட்ட பிறகா, நாளைக்கா என்று இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று முறை மாற்றி யோசித்துவிட்டேன்.